குளிர் தாங்காதவள்

என் தங்கை ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. அவளுடைய கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வெளிர்நிறப் புகை மாதிரி ஒன்று தெரியும். அதுதான் மணப்பெண். போட்டோக்காரர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தும் பார்த்தார்; நாற்காலியும் சேர்ந்து கலங்கலாக விழுந்தது. சந்தேகப்படுகிறவர்களுக்கு ஆல்பத்தையே எடுத்துக் காட்டியிருப்பேன். அதையும் அவள் யாருக்கோ காட்டுகிறேன் என்று தூக்கிக்கொண்டு ஓடி, எங்கேயோ வைத்துவிட்டாள்.

அவளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, குளிர். கோடையிலும் இரண்டு போர்வை. யாராவது எதிர்வீட்டில் ஐஸ்பெட்டியைத் திறந்தால் இவள் இங்கே தும்முவாள்.

மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், நேர் எதிர். உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குத் தோதான வேலை கிடைத்திருந்தது. நுண்ணோக்கியில் காமிராவைப் பொருத்தி, உயிரணுக்களை விடாமல் படம் எடுக்க வேண்டும். அந்தப் படங்களைப் பார்க்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். பத்து அணுக்களைப் பின்தொடர்வதற்குள் மனுஷக் கண் கலங்கிவிடும். கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில் பின்தொடரும், கொட்டாவி விடாது. புற்றுநோய் பரவுவது அணுக்கள் இடம்விட்டு இடம் நடப்பதால்தானாம். நடையை நிறுத்த மருந்து தேடுகிறவர்கள் முதலில் நடையை அளக்க வேண்டும். அந்த அளவுகோலைச் செய்வதுதான் அவர் வேலை.

இதை அவர் எனக்கு விளக்கியபோது, எங்கள் தெருவில் ஒருவர் எறும்புகளுக்கெல்லாம் பெயர்வைத்து, வரிசையில் பிந்தி வந்தவற்றைக் கண்டித்த கதையை நான் சொன்னேன்.

"உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க மச்சான்" என்றார். என் கதை எதையும் அவர் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. நான் பொய் சொல்கிறவன் அல்ல. உண்மை என் வீட்டில் வந்து தங்கினால் கொஞ்சம் உடம்பு வைத்துவிடும், அவ்வளவுதான்.

பிறகு அந்த நோய் என் தங்கைக்கே வந்தது.

கட்டியை அறுத்தெடுப்பதற்கு முன் டாக்டரிடம் சொன்னாள்: "அதைத் தூக்கிப் போட்றாதீங்க. எங்க வீட்டுக்காரர் அதுலதான் வேலை பாக்கறார். இத்தனை வருஷத்துல அவர் ஆசையாப் பாக்கற மாதிரி என்கிட்ட இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு." டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் விளையாட்டாகச் சொன்னாலும், கொடுத்தது விளையாட்டாக இல்லை. "இத வெச்சு மருந்து ஏதாவது கண்டுபிடிங்க. எனக்கு இல்லாட்டியும் பரவால்ல" என்று தனியாக அவரிடம் சொன்னாள். அப்போது நானும் அறையில் இருந்தேன்.

கடைசி மாதங்களில் அவர் அவள் படுக்கையை விட்டு நகரவில்லை. ஆனால் மடியில் லேப்டாப் இருக்கும். அவளுடைய ஸ்கேன் படத்தில் வட்டம் போட்டுக்கொண்டே இருப்பார்.

"என்னங்க, அசல் இங்க படுத்திருக்கேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

"ஒரு நிமிஷம்மா. இது முடிஞ்சிடட்டும்."

அது முடிவதற்குள் அவள் முடிந்துபோனாள்.

கட்டியிலிருந்து எடுத்த அணுக்கள் மட்டும் சாகவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு குப்பிக்குள் வளர்ந்தன. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் குப்பி. அதற்கு மேல் காமிரா. பம்பு ஒன்று துளித்துளியாகச் சத்துநீர் ஊட்டும். நான் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை திரையைக் காட்டினார். அணு எதுவும் தெரியவில்லை. கலர் கலராக வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் போன வழியைக் காட்டும் வால். ஓரத்தில் 'நடமாட்டம்' என்று ஓர் எண். கீழே 'அசல் படம்' என்று ஒரு பட்டன்.

"அசல்ல எல்லாம் சாம்பல் நிறமா இருக்கும் மச்சான், ஒண்ணும் புரியாது. இதுதான் தெளிவு. பாருங்க, என்ன நடை!"

"அந்தப் பச்சை வட்டத்தப் பாருங்க மாப்பிள்ளை. ஓரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருது. பையை மறந்துட்டா."

அவர் சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை.

எந்த அணுவானாலும் அதில் ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பத்திரப்படுத்துவது அங்கே வழக்கம். வெளியே இருப்பது செத்தாலும் உள்ளே இருப்பதை உருக்கி மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான அம்மாளை எல்லாரும் பனிக்கட்டி அம்மா என்பார்கள். அவர் மாப்பிள்ளையிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டே ரெண்டு சின்னக் குப்பி கொடுங்க, உறைய வெச்சிடறேன். பேர் எழுதி ஒட்டியே வெச்சிருக்கேன்."

"அடுத்த வாரம் தரேன்மா."

"போன மாசமும் இதே அடுத்த வாரத்தத்தான் சொன்னீங்க."

அந்த அம்மாள் போனதும் மாப்பிள்ளை என்னிடம் தாழ்ந்த குரலில், "அவளுக்குக் குளிர் ஆகாது மச்சான்" என்றார்.

படித்த மனுஷர். நான், "ரெண்டு போர்வை போத்தி வைக்கச் சொல்லுங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். யோசித்தார்.

அதே காரணத்துக்காகப் பெட்டிக் கதவையும் யாரையும் திறக்கவிடமாட்டார். குளிர்காற்று உள்ளே போய்விடுமாம். மருந்தைப் போட்டுப் பார்ப்பதையும் தள்ளிக்கொண்டே வந்தார். மருந்தின் வேலையே நடையை நிறுத்துவதுதான். அவளை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை. அவள் எதற்காகக் கொடுத்தாளோ அது மட்டும் நடக்கவில்லை. மற்றபடி கவனிப்புக்குக் குறைவில்லை.

சில வாரங்கள் கழித்துப் பெட்டி முனகத் தொடங்கியது. முதலில் பல்வலிக்காரர் மாதிரி, பிறகு பிரசவ வார்டு மாதிரி. மாப்பிள்ளைக்கு அது காதில் விழவே இல்லை. ஏனென்றால் எண் ஏறிக்கொண்டிருந்தது. போனிலேயே அதைப் பார்க்கும்படி செய்துவைத்திருந்தார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் போனை எல்லாருக்கும் காட்டி, "இன்னைக்கு ரொம்ப சுறுசுறுப்பு!" என்றார். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். என் மனைவி அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து அறைக்காரர்கள் சத்தம் பொறுக்காமல் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். முன்கதவைத் தொடக் கூடாது என்று மாப்பிள்ளை காவல் நின்றார். நான் அவருக்குத் துணைக்கு நின்றேன். மெக்கானிக் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி, எதையோ மாற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டார். பெட்டி பூனைமாதிரி அமைதியாக ஓடியது.

திரையில் எல்லா வட்டங்களும் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, மொத்தமாக. எண் பூஜ்யத்துக்கு விழுந்தது.

"என்னய்யா பண்ணின?"

"ஃபேன்ல பேரிங் தேய்ஞ்சிருந்தது சார். மாத்திட்டேன். இப்ப சத்தமே இல்ல பாருங்க."

"எல்லாம் நின்னு போச்சுய்யா!"

"நிக்கணும்னுதானே சார் கூப்பிட்டீங்க?"

மாப்பிள்ளை அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இவர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. சத்தம் கேட்டுப் பனிக்கட்டி அம்மா ஓடிவந்தார். நான் இருவரையும் பிரித்து, "மாப்பிள்ளை, அசல அமுக்கிப் பாருங்க" என்றேன். நான் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. என் தங்கை எப்போதும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமுக்கினார். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், மழை நின்ற பிறகு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் குப்பைமாதிரி. மாப்பிள்ளை திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு வகுப்பெடுக்கிற குரலில் சொன்னார். உயிருள்ள அணு தரையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். செத்தால் பிடி விட்டுப்போய் மிதக்கும். பெட்டி அதிர்ந்தால் மிதப்பதெல்லாம் ஆடும். ஆடுவதை எல்லாம் நடை என்று எண்ணத்தான் அவர் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது சொன்னபடி கேட்டது.

"ஃபேன் சரியாச் சுத்தலன்னா சூடு பரவாது சார்" என்று மெக்கானிக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "தெர்மாமீட்டர் அந்தப் பக்கம் இருக்கு. இந்த மூலை கொதிச்சிருக்கும்."

கதவைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தால் தெரிந்திருக்கும். குளிருக்குப் பயந்து அவர் திறக்கவில்லை.

பனிக்கட்டி அம்மா கோட்டுப் பையிலிருந்து பெயர் ஒட்டிய இரண்டு காலிக் குப்பிகளை எடுத்துப் பார்த்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு, மெக்கானிக்கை வெளியே கூட்டிப் போனார்.

மாப்பிள்ளை பதிவான படங்களைப் பின்னோக்கி ஓட்டி, முதலிலிருந்து பார்த்தார். அசலையேதான். நீளநீளமாகக் காலை நீட்டி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, திரும்பி, மறுபடி கிளம்பி, அவைதான் எத்தனை அழகாக நடந்தன! இவ்வளவு நாளில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு காலையில் நடை தளர்ந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் உருண்டையாகிவிட்டன. மூலையில் தேதி இருந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட வந்து, சுறுசுறுப்பு என்று போனைக் காட்டிய நாள் அது.

"ஒரு பங்கையாவது கொடுத்திருக்கலாம் மச்சான். மருந்துக்காவது." திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவ கேட்டது அது ஒண்ணுதான்."

நான் அவர் தோளில் கை வைத்தேன்.

"நீங்க ஏதாவது சொல்லுங்க மச்சான். உங்க மாதிரி சொல்லுங்க. அன்னைக்கு அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

வாழ்நாளில் முதல்தடவையாக அவர் என்னிடம் கதை கேட்டார். வாயைத் திறந்தேன். புகையாய்ப் போன மணப்பெண், தும்மல், மறந்த பை எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டன.

"போர்வையத் தள்ளி விட்டா மாப்பிள்ளை" என்றேன் கடைசியில். "அன்னைக்கு அவளுக்குக் குளிரவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். "உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க" என்று எப்போதும்போல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.