அப்பாவின் காற்புள்ளி

...அப்பா சும்மா எங்கே இருக்கிறார், நாள் முழுக்க டேப்லெட்டைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார் என்கிறாள் போனில் அம்மா, ஆனால் டேப்லெட் வாயே திறப்பதில்லை, பக்கவாதத்தில் பேச்சு போனவருக்காக நானே எழுதிய கணினி நிரல், அவர் தட்டுவதை எழுவாய் எது பயனிலை எது என்று பிரித்துப் பார்த்து வாக்கியமாக்கிக் குரலில் சொல்ல வேண்டும்... சொல்லவில்லையே. அப்பாவுக்கு எதுவுமே புரிவதில்லை, நாளைக் காலையில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான், அவனுக்கு எதிலும் அவசரம், சாப்பிட உட்காரும்போதே கை கழுவ எழுந்துகொள்கிறவன். புரிகிறது என்று காட்ட இன்று ஒரு நாள்தான். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் காப்பி வேண்டுமா என்கிறார், எனக்குக் காப்பி ஒன்றுதான் குறைச்சல். எங்கே தப்பு? நிரலை மேலிருந்து படிக்கிறேன், முதல் வரி... புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளு. இந்த வேலையில் யாரும் யோசிக்காமல் எழுதுகிற வரி, வாக்கியத்தைப் பிரிப்பதற்கு முன் குப்பையை எடுப்பது. அப்பாவுக்கு அசைவது ஒரே விரல், அது விசைப்பலகையின் கீழ்வரிசை ஓரம்வரைதான் எட்டும், அங்கே இருப்பது அந்த இரண்டு குறிகள்தான். கடவுளே, இத்தனை நாள் நான் குப்பையில் போட்டது அப்பாவின் பேச்சையா?

வரியை அழிக்கிறேன், அவர் தட்டுவது என் திரையில் விழுகிறது, வாக்கியம் இல்லை என்கிறது நிரல், அது கிடக்கிறது. "அம்மா, போனை அப்பா காதுகிட்ட வை. அப்பா, நான் உங்க பொண்ணுதானே?" காற்புள்ளி. "நான் உங்க பையனா?" புள்ளி. "அம்மா பக்கத்துல இருக்காளா?" காற்புள்ளி... அப்படியென்றால் காற்புள்ளி ஆமாம், புள்ளி இல்லை, புரிகிறது, எல்லாம் புரிகிறது, அண்ணன் இனி என்ன சொல்வான், ஒரே ஒரு கேள்வி, அவன் வாயை அடைக்க. "அப்பா, அந்த இல்லத்துக்குப் போக உங்களுக்கு இஷ்டமா?" காற்புள்ளி. இல்லை, விரல் தவறியிருக்கும், ஒருவேளை முன்னால் வந்ததெல்லாமும் தவறி வந்ததுதானா, அப்படி நினைத்தால் என் கையில் எதுவுமே மிஞ்சாதே. "வீட்டை விட்டுப் போறதுப்பா... அம்மாவை விட்டு. புரிஞ்சுதான் சொல்றீங்களா?" காற்புள்ளி. "எங்களுக்குச் சிரமம்னு நினைச்சுச் சொல்றீங்களா?" இதற்கு ஒன்றும் வரவில்லை. புள்ளியும் இல்லை. "என்னடி, ஏதாவது சொல்றாரா?" என்கிறாள் அம்மா. "அவருக்கு எல்லாம் புரியுதும்மா" என்கிறேன், இல்லத்துக்குச் சரி என்றாரே, அதை மட்டும் சொல்லாமல் போனை வைக்கிறேன்.