ஒரே முகவரி

தோட்டத்தை நடத்தும் துரை அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு விரலால் தட்டியபோது பிரேமினிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் வெடித்திருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் மண் இறங்குகிறது என்று கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்து மக்கள் போனிலிருந்தே படத்தோடு முறையிட அவள் எழுதிய இணையச் செயலியின் பதிவு அது. முறைப்பாடுகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் எதிரே, அனுப்பிய இடமாக, ஒரே இணைய முகவரி. ஒருத்தனே உட்கார்ந்து இத்தனையையும் அனுப்பியிருக்கிறான், மண்சரிவு பார்க்க யாரும் வரத் தேவையில்லை என்று மேலே எழுதிவிட்டேன் என்றார் துரை, சிங்களத்தில். அந்த ஒருத்தன் தோட்டத் தொழிலாளி அழகுமுத்துதான் என்றும் அவரே முடிவு கட்டியிருந்தார். லயம் லயமாகப் போய்ச் செயலியைத் திறந்து காட்டியவன் அவன். அவனை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லியாயிற்று.

பிரேமினி நேரே நுவரெலியாவில் இம்தியாஸின் கணினிக் கடைக்குப் போனாள். செயலி ஓடும் சேர்வரை அமைத்துக் கொடுத்தவர் அவர்; அண்ணன் முறையில் நானா என்றுதான் அவரை அவள் கூப்பிடுவாள். தாளைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"வாற எல்லாரையும் முன்னுக்கு நிக்கிற சேர்வர்தான் வாங்கி உள்ளுக்கு அனுப்புது. ஒங்கட செயலி பின்னுக்கு இருக்கு. அதுக்குத் தெரியிறது முன்னுக்கு நிக்கிறவன்ட முகவரி மட்டுந்தான்."

வந்தவரின் சொந்த முகவரியையும் சேர்த்து அனுப்பு என்று முன்சேர்வருக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அவர் எழுதவில்லை. அவளும் சரிபார்க்கவில்லை.

"அந்த ஒரு வரியால ஒரு மனுசனுக்கு வேல போயிருச்சு நானா."

அவர் உடனே அந்த வரியை எழுதினார். பிறகு, முன்சேர்வர் தனக்கென்று ஒரு பதிவு வைத்திருக்கும் என்று சொல்லி அதைத் திறந்தார். அங்கே முகவரிகள் விதவிதமாக இருந்தன. பிரேமினிக்கு மூச்சு வந்தது. ஆனால் இம்தியாஸின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பாதி முறைப்பாடுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு முகவரி அவருக்குத் தெரிந்தது. தோட்டத்து ஆபிசுக்கு அவரே போட்டுக் கொடுத்த இணைப்பு அது.

ஆபிசில் லயத்துப் பிள்ளை ஒருத்திதான். தட்டச்சு வேலை பார்க்கும் கிருஷாந்தி. போனில் டேட்டா இல்லாத வீடுகளுக்காக அவள்தான் அங்கிருந்து அனுப்பியிருக்க வேண்டும். பதிவைக் கொடுத்தால் அழகுமுத்து தப்புவான், இவள் மாட்டுவாள். அந்த வரிகளை அழித்துக் கொடுத்தால் பாதி முறைப்பாடுகள் அனுப்பியவர் இல்லாமல் நிற்கும். மழையில் ஊறிய சுவரைப் பார்க்கச் சொன்னதற்கு இந்த இரண்டு பேரில் ஒருவரைப் பலி கேட்கிறார்களே என்று பிரேமினிக்கு நெஞ்சு கொதித்தது. அழகுமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அந்தப் புள்ள பேரு வெளிய வரக்கூடாதுங்க. எனக்கு வேல போனா போவட்டும். செவுரு விழுந்தாத்தாங்க ஒண்ணும் செய்ய ஏலாது."

மறுநாள் பிரேமினி ஆபிசில் துரைக்கு முன்னால் நின்று, பிழை சேர்வரில்தான், அனுப்பியவர்கள் பலர் என்றாள். அப்படியானால் பதிவைக் காட்டு என்றார். காட்ட மாட்டேன் என்றாள். அவர் சிரித்தார். வெடித்திருக்கிற சுவர்கள் எல்லாமும் ஒரே சுவர்தானா, வந்து எண்ணிப் பாருங்கள் என்று அவள் சிங்களத்தில் கேட்டாள். துரை கதவைக் காட்டினார்.

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. கிருஷாந்தி எழுந்தாள். துரையிடம் எப்போதும் சிங்களத்தில் பேசுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"அதுல பாதி நான் அனுப்புனது சேர். இந்தக் கம்பியூட்டர்லருந்துதான்."

துரைக்குத் தமிழ் புரியும். அவர் கை தொலைபேசிக்குப் போய், எடுக்காமல் அதன்மேலேயே கிடந்தது. கிருஷாந்தி ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள். வெளியே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்க மலைக்குப் போக நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மலைக்கு ஏறாமல் தூறலில் ஆபிஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.