யாரு சொன்னது?

நான்காம் வகுப்புக்கு ஒரே ஒரு டேப்லெட். அதைத் தொடுவதற்கு முன் பிள்ளைகள் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இகாங்கா டவுனுக்கு அப்பால், கரும்புக்காட்டு ஓரத்துப் பள்ளி. போனில் வரும் வைத்தியத்தை நம்பலாமா என்பது அன்று பலிக்கோவா வாத்தியார் நடத்திய பாடம்.

“யாரு சொன்னது? டாக்டரா, நர்ஸா? இதைக் கேக்காம எதையும் நம்பக் கூடாது. எங்க, சொல்லுங்க!”

“யாரு சொன்னது!” என்று வகுப்பே கூவியது.

நைகாகா எழுந்து வந்து, பெண்பிள்ளைகள் பெரியவர்களிடம் பேசும் முறைப்படி முழந்தாளிட்டாள். “சார், காய்ச்சலுக்குப் பப்பாளி இலைச்சாறு போதும், ஆஸ்பத்திரி வேணாம்னு நேத்து அப்பாமாருங்க போன் குரூப்புல அனுப்புனீங்களே, அது யாரு சொன்னது?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது எங்கிருந்து வந்தது என்று வாத்தியாருக்கே தெரியாது. தெரியாது என்று ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் சொல்வதைவிடப் பிரம்பை எடுப்பது சுலபம். எங்கள் ஊரில் பிரம்புக்குத் தெரியாத பதிலே கிடையாது.

“முட்டி போட்டுட்டா மரியாதை ஆயிடுமா? நீட்டுடி கையை!”

அந்த வாரமே அவள் தம்பி கிருண்டாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. சுகாதார நிலையம் கூப்பிடு தூரம்தான். மலேரியா மாத்திரை இலவசம். அப்பா வம்பூசியோ பப்பாளி மரத்தடிக்குப் போனார்.

“அப்பா, அது வந்து...”

“என்னடி வந்து? வாத்தியாரே அனுப்பியிருக்காரு. அவரைவிட நீ படிச்சவளா?”

நைகாகா உள்ளங்கையைப் பார்த்தாள். தடிப்பு இன்னும் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள். கசக்கிறது என்று துப்பிய குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். பிறகு வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு ஓடியபோது நர்ஸ் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

வாழைத்தோட்டத்தில் குழந்தையைப் புதைத்த அன்று பலிக்கோவா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லார் காதிலும் விழும்படி நைகாகாவைக் கேட்டார்.

“வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு சொன்னதுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

அவள் முழந்தாளிட்டாள். தலை நிமிரவில்லை.

“கேட்டேனே சார். உங்ககிட்டதான் கேட்டேன்.”

வம்பூசி மகளின் உள்ளங்கைத் தடிப்பைப் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே போட்டார். “அந்தப் பப்பாளி வைத்தியம் யாரு சொன்னது வாத்தியாரே?” என்றார். வாத்தியார் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

“கேள்வி கேக்கவும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. கேட்டதுக்குக் கையில அடிச்சதும் நீங்கதான். மிச்சமிருந்த வாயை நான் அடைச்சேன். கேக்கச் சொல்லிக் குடுத்தா மட்டும் போதாது வாத்தியாரே, கேட்டா பதில் சொல்ற தைரியம் பெரியவங்களுக்கு வேணும். இல்லேன்னா பிள்ளைங்க பாடத்தைப் படிக்காது, பிரம்பைத்தான் படிக்கும்.”