வெற்றிலைத் தண்ணீர்

நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் கூட்டினால்தான் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். நிறமில்லாத உயிரணுக்களிடம் அது பலிக்காது. வெளிச்சம் கூடினால் அவை கரைந்து காணாமல் போய்விடும். விளக்கைத் தாழ்த்தி, அரையிருட்டில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றாக மேலே வரும், விடியற்காலைப் பனிமூட்டத்திலிருந்து செம்பனை மரங்கள் வருவதுபோல. பரிசோதனைக்கூட வேலைக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. இன்றைக்கும் அந்த நேரத்தில் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்று சனிக்கிழமை, காலையிலிருந்தே மழை. எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கம் மொத்தமும் சாம்பல் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது. டாக்டர் பிரவீனா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"ஷாமளா, இவங்க நிலோபர். போன வாரம் சாம்பிள் குடுத்தவங்க. நான் எவ்வளவு சொல்லியும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க காட்டுங்க. அவங்களுக்குச் சம்மதம்தான்."

நிலோபருக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். பிளாஸ்டிக் தொழிற்சாலையின் சட்டையோடு நேராக வந்திருந்தாள். நாற்காலியில் உட்காராமல் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மிஸ்ஸி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இது அவரு கொண்டு வந்த சீக்குதானே?"

"நான் நர்ஸ் மிஸ்ஸி இல்லம்மா, லேப்ல வேலை. யாரு அவரு?"

"என் மாப்பிள்ளை, என்னைக் கட்டினவரு. வெளியில காடிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருக்காரு. சிங்கப்பூர்ல வேலை. சனிக்கிழமை வருவாரு, ஞாயித்துக்கிழமை ராத்திரி போவாரு. மூணு வாரமா வீட்டுக்குள்ள விடல. கிளினிக்ல சொல்லட்டும், அப்புறம் முடிவு பண்றேன்னு சொல்லிட்டேன். நீங்க ஆமான்னு சொன்னா இன்னிக்கே பிள்ளையக் கூட்டிக்கிட்டு பண்டார் தெங்காராவுக்குப் போயிடுவேன், எங்க அக்கா ஆப்ரின் லாத்தா வீட்டுக்கு."

அவள் குரலில் அழுகை இல்லை. பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வழவழப்பாகிவிட்ட பேச்சு அது.

ஆதாரம் என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான்கு மாதமாகச் சாம்பல் நிறத்தில் வெள்ளை படுகிறது, மீன் வாடை அடிக்கிறது. அந்த வாடை எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. கணவன் வந்து போன மறுநாள்தான் தாங்க முடியாமல் இருக்கும்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகவே கூச்சமா இருக்கும். வாரக் கடைசியில கொஞ்சம் குறையும். மறுபடி அவரு வருவாரு, மறுபடி ஆரம்பிக்கும். ஜொஹராகிட்ட கேட்டேன், கூட வேலை செய்யறவ. ஆம்பளைங்க வெளியே போயி வாங்கிட்டு வர்றதுதான்டி இதுன்னா. சரியாத்தானே வருது?"

கணக்கு சரியாகத்தான் வந்தது. அதனால்தான் டாக்டரின் பேச்சு அவளிடம் எடுபடவில்லை.

பயிற்சிக்காகச் சாயமேற்றி வைத்திருக்கும் பழைய கண்ணாடித் தகடு ஒன்றை முதலில் வைத்தேன், நோயில்லாத ஒரு பெண்ணுடையது. நிலோபர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள்.

"முடி மாதிரி ஏதோ தெரியுது."

"அது உன் இமை முடி. இன்னும் கிட்ட போ."

மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போனாள்.

"அலமாக், அம்மாடி... அப்பளம் அப்பளமா மிதக்குது. சுத்தி ஊதாக் குச்சி."

"அப்பளம்தான் நம்ம உடம்போட உயிரணு. ஓரம் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. ஊதாக் குச்சி நம்மளக் காவல் காக்கிற கிருமி. தயிரைப் புளிக்க வைக்குது பாத்தியா, அந்தச் சாதிதான். உயிரணுவில இருக்கிற சர்க்கரையைத் தின்னுட்டு புளிப்பை வெளிய விடும். அந்தப் புளிப்பு இருக்கிற வரைக்கும் மத்த கிருமிங்க பெருக முடியாது. இங்க சதுப்பு மண்ணுல அன்னாசி மட்டும் எப்படி வாழுது? மண்ணு புளிப்பு. அது அன்னாசிக்குப் பிடிக்கும், பாதிக் களைக்குப் பிடிக்காது."

"எங்க வாப்பா சொல்லுவாரு," என்றாள், கண்ணை எடுக்காமல். "சுண்ணாம்பைக் கொட்டினா மண்ணே மாறிடும்னு."

தகட்டை மாற்றினேன். இப்போது அவளுடையது, போன வாரச் சாம்பிளில் சாயமேற்றியது. அப்பளங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் பொடி தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள். ஓரங்கள் மறைந்து, எது உயிரணு, எது வெளி என்று தெரியாமல் எல்லாம் மங்கிக் கிடந்தன. ஊதாக் குச்சியைத் தேடி அவளே தகட்டை நகர்த்தச் சொன்னாள். இடம், வலம், மேல், கீழ். ஒன்றும் இல்லை.

"காவலுக்கு ஆளே இல்ல," என்றாள் மெதுவாக.

"அவங்க போனதும் இந்தப் பொடிக் கிருமிங்க பெருகிடுச்சு. இதுங்க புதுசா எங்கிருந்தோ வந்தாகணும்னு இல்ல. பல பேர் உடம்புல கொஞ்சமா ஒதுங்கி இருக்கும். சரி, காவலை யாரு விரட்டினது? நீ எதை வச்சுக் கழுவறே?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட வந்தது.

"வெத்தலையைக் கொதிக்க வச்சு, படிகாரம் போட்டு. பிள்ள பிறந்ததுலேருந்து. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சொல்லிக் குடுத்தாங்க. அப்பல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதான். அவரு சிங்கப்பூர் போக ஆரம்பிச்சதும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. நாத்தம் வந்த பிறகு தினம் ரெண்டு வேளை."

"வெளியிலயா?"

"உள்ளுக்குத்தான். பாட்டில்ல பீச்சி நல்லா—" பாதியில் நிறுத்திவிட்டாள்.

வெற்றிலைக்குக் கிருமியைக் கொல்லும் தன்மை உண்டு என்பது உண்மைதான். ஆனால் காவல் எது, களை எது என்று அதற்குத் தெரியாது. நாற்றத்துக்குப் பயந்து கழுவக் கழுவ, நாற்றத்தைத் தடுத்தவர்கள்தான் முதலில் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள். கணவன் வருகிறான் என்று அவள் செய்துகொண்ட ஆயத்தம் அது.

"அப்ப திங்கக்கிழமை?" என்றாள். விடவில்லை அவள். "திங்கக்கிழமைக்கு என்ன சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். டாக்டர் அன்று புதிதாக எடுத்து அனுப்பிய சாம்பிளில் ஒரு சொட்டை வெறும் கண்ணாடியில் வைத்து அவளிடம் நீட்டினேன். முகர்ந்தாள். லேசாக, என்றாள். அலமாரியிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து அதையும் முகரச் சொன்னேன்.

"வாசனையே இல்ல. வெறும் தண்ணி மாதிரி இருக்கு."

"புளிப்புக்கு எதிரானது இது, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி. இப்பப் பாரு." அதிலிருந்து ஒரு துளியைச் சாம்பிளின் மேல் விட்டேன்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பி அந்தத் துளியையே பார்த்தாள். கண்ணாடியில் அது நிலா போல வட்டமாக, எதுவும் நடக்காததுபோல் கிடந்தது.

"அதே வாடை. திங்கக்கிழமை வாடை."

"என் பாட்டில்ல அந்த வாடை இல்லைன்னு நீயே சொன்னே. ஏற்கனவே உன்கிட்ட இருந்த வாடைய இந்தத் துளி கிளப்பி விட்டுச்சு, அவ்வளவுதான். ஆம்பளையோட விந்துவும் இந்தப் பக்கத்துச் சாதிதான், புளிப்பு இல்லாதது. எந்த ஆம்பளையா இருந்தாலும் அப்படித்தான். மாதவிடாய் ரத்தமும் அப்படித்தான். அந்த நாள்லயும் வாடை கூடுமே?"

கண்களை மூடி யோசித்தாள். கூடும் என்று தலையாட்டினாள்.

"அப்ப அவரு எந்தத் தப்பும் பண்ணல."

ஆமாம் என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. மழையில் ஒரு காருக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரே சொல்லில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் நான் பார்க்காத ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"அது இந்தக் கண்ணாடிக்குத் தெரியாதும்மா. உறவு மூலமாப் பரவுற நோய்க்கும் டாக்டர் பாத்துட்டாங்க, எதுவும் இல்ல. இந்தக் கோளாறு ஒரே புருஷனோட வாழறவளுக்கும் வரும். மருந்து சாப்பிடணும், உள்ள கழுவறத விடணும். கவனிக்காம விட்டா கருப்பை வரைக்கும் போகலாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவரு எப்படிப்பட்டவருன்னு உனக்குத்தான் தெரியும். இந்த வாடையைத் தவிர வேற என்ன வச்சிருக்கே அவரு மேல?"

ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி, வருஷங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறவள்போல் நின்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் கடைசியில். "ஒண்ணுமே இல்ல. மிஸ்ஸி, அவரையும் கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் கணவன் அய்யூப் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். தாடியில் தண்ணீர். எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, தீர்ப்புக் கேட்கிறவன்போல் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், இதுல பாருங்க," என்றாள் நிலோபர். அவன் குனிந்தான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கழுவிய தகடுகளையே மறுபடி கழுவினேன். பின்னால் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அப்பளம், ஊதாக் குச்சி, அன்னாசி மண், வெற்றிலை. நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். திங்கட்கிழமைக்கு வந்ததும் குரல் உடைந்தது.

"நான்தான் கழுவிக் கழுவி... நீங்க வருவீங்கன்னுதான் மச்சான். அப்புறம் உங்களையே அப்படிப் பேசிட்டேன். அதுவும் உங்க அண்ணன் முன்னாடி."

அவன் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மூணு வாரமா வர்றப்பல்லாம் லாயாங் லாயாங்ல அண்ணன் கடையில மேசையச் சேத்துப் போட்டுப் படுத்தேன்," என்றான். "நாலு மணிக்கே பரோட்டா மாவு அடிக்க எழுப்பி விட்டுடுவாரு. இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"கோவம் போகலடி எனக்கு."

"போக வேணாம். வச்சுக்கோங்க."

அவன் நிமிர்ந்தான். "மருந்து எத்தனை நாளு?" என்று என்னைக் கேட்டான்.

"ஏழு நாள். அது முடியற வரைக்கும் தள்ளி இருக்கறது நல்லது."

"அப்ப எட்டாம் நாள் வரேன்."

"உங்களத் தள்ளிப் படுக்கச் சொன்னாங்க," என்றாள் நிலோபர், அவன் ஈரச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு. "கடையில போய்ப் படுக்கச் சொல்லல. வாங்க."