குழாயடியில் பேசாத வழக்கு

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் டிராவல்ஸ் அலுவலகத்தில் ஏசி ஓடுகிறதா இல்லையா என்பது அந்த ஏசிக்கே தெரியாது. சிங்கப்பூர் விசா விண்ணப்பத்தின் கேள்விகளை அவர் கம்ப்யூட்டரில் பார்த்து ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்கக் கேட்க, பிரகாசி முந்தானையால் விசிறிக்கொண்டே பதில் சொன்னாள். பக்கத்தில் மகன் பெவின். கப்பலில் வேலை பார்க்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான்.

"எந்த நாட்டு கோர்ட்டுலயாவது தண்டனை வாங்கியிருக்கியளாக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

பெவின் தலை குனிந்துகொண்டான். வெளியே வந்து பைக் சாவியை எடுக்கும்வரை பொறுத்திருந்தவன், "யம்மா, அப்ப நீ கொக்கிரகுளத்துக்கு என்ன, லீவுக்கா போயிருந்த?" என்றான்.

"ஏலே, அதுதான் சாமியார்ட்ட சொல்லி முடிஞ்சிச்சில்லா?"

பொய் சொல்லிவிட்டதாக அவள் நினைக்கவே இல்லை.

பெவின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. அவன் அப்பா செபாஸ்டின் சங்கு குளிக்கிறவர். சங்கு கிடைக்காத நாளில் வள்ளத்துக்காரர்கள் கடல் அட்டையை அள்ளிக்கொண்டு வருவார்கள். கடலடியில் தோல்பை மாதிரிக் கிடக்கும் அந்த ஜீவனைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம். வெளிநாட்டில் விரும்பித் தின்பதால் வாங்குவதற்கு ஆள் இருந்தது. பெண்கள் கொல்லையில் வைத்து அவித்துக் காயப்போடுவார்கள். ஆண்களெல்லாம் கடலுக்குப் போயிருந்த ஒரு நாள் வனத்துறை ஜீப் வந்து நின்றது. அண்டாவைச் சுற்றி நின்றவர்களில் அந்தோணியம்மாள் நிறைமாதம். இன்னொருத்தி கைக்குழந்தைக்காரி. "எல்லாம் என் சரக்குதான்" என்று பிரகாசி முன்னே வந்தாள். வழக்கு நடந்தது, தண்டனை ஆயிற்று, கொக்கிரகுளம் பெண்கள் சிறையில் இருந்துவிட்டு வந்தாள்.

வந்ததும் மாதா கோயிலுக்குப் போய், செய்ததைப் பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் செபமாலை சொல்லச் சொன்னார். அதோடு தீர்ந்தது. அவர்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாமியாரிடம் சொல்லி முடித்ததைக் குழாயடிச் சண்டையில்கூட எடுக்கக் கூடாது. குடத்தை நசுக்குவார்கள், செத்துப்போன மாமியாரை இழுப்பார்கள், அதை மட்டும் தொடமாட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வாயிலும் அது வந்ததில்லை. ஆண்டவரே மன்னித்துவிட்டதைக் கம்ப்யூட்டர் கேட்டால் சொல்ல வேண்டுமா என்ன?

"ஆண்டவர் மறந்திருப்பாரு. கோர்ட்டு மறக்காதும்மா" என்றான் பெவின். "பொய்யின்னு தெரிஞ்சா காலத்துக்கும் உன்னைய உள்ள விடமாட்டான். உண்மையைச் சொன்னாலும் விசா வருமான்னு தெரியல. விட்ருவோம். கொடைக்கானல் போயிட்டு வருவோம்."

பிரகாசி பைக்கில் ஏறினாள். செபாஸ்டின் போய்ச் சேர்ந்த பிறகு அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. நல்ல சேலை, நல்ல மீன், மாதா கோயில் திருவிழா எதுவும் மனதில் ஒட்டவில்லை. மகன் சிங்கப்பூர் என்று சொன்னபோதுதான் தன்னையறியாமல் "எப்பலே?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஆசையைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் தனியாகப் போனாள்.

"அண்ணாச்சி, அனுப்பிட்டியளா?"

"எங்கக்கா? போட்டோல உங்க காது தெரியல. வேற எடுக்கணும்னு வச்சிருக்கேன்."

"அந்த கோர்ட்டு கேள்விக்கு ஆமான்னு போடுங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்த மனுஷன். "எதுக்குக்கா உள்ள போனிய?"

"கடல் அட்டை புடிச்ச கேசு."

"அட்டைக்கா? எங்க வயல்ல காலைக் கவ்வுனா உப்பைப் போட்டுக் கொல்லுவோம். அதுக்கு கேஸ்னா எங்க ஊரே உள்ளதான் இருக்கணும்."

பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வலிக்கவில்லை. வலித்ததெல்லாம் செபாஸ்டினுக்குத்தான். தான் கடலில் கிடந்த நேரத்தில் மனைவி ஜீப்பில் ஏறினாள் என்பது அந்த மனுஷனுக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். அவருக்காகத்தான் அவள் வாயை மூடியிருந்தாள். இனி யாருக்காக மூட வேண்டும்?

"இல்லன்னே இருக்கட்டும்க்கா. யாரு தோண்டப்போறா? ஆமான்னு போட்டா, வந்தாலும் வரும், வராட்டியும் இல்ல."

"வராட்டி கொடைக்கானல்ல போயி நடுங்குதேன். எப்ப புடிப்பானோன்னு நெஞ்சு அடிச்சிக்கிட்டு என்னால ஊரு பாக்க முடியாது அண்ணாச்சி."

தீர்ப்பு நகலோடு விளக்கக் கடிதம் ஒன்றும் வைக்க வேண்டியிருந்தது. அவள் தமிழில் எழுதினாள், அண்ணாச்சி ஆங்கிலமாக்கினார். 'செய்தது உண்மை. தண்டனையை முழுவதும் அனுபவித்தேன். பிறகு செய்யவில்லை. மகனோடு ஊர் பார்க்க வருகிறேன்.'

"வருந்துகிறேன்னு ஒரு வரி சேப்போமா?"

"வருந்துனதுதான். போடுங்க."

அன்று சாயங்காலம் குழாயடியில் அவளே வாயைத் திறந்தாள். விசாவுக்காக ஜெயில் விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். குடம் நிரம்பி வழிவதை யாரும் கவனிக்கவில்லை. அந்தோணியம்மாள்தான் முதலில் இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏளா, குடுக்கமாட்டேன்னான்னா சொல்லு. நானே போயி சொல்லுதேன். அண்டா என்னுது, விறகு என்னுது, இவ சும்மா கரண்டியைப் புடிச்சிட்டு நின்னான்னு."

"அங்கன போயிச் சொல்ல மொதல்ல உனக்கு விசா வேணும்லா, கூறுகெட்டவளே!"

குழாயடியே சிரித்தது. பிரகாசி குடத்தைத் தூக்கக் குனிந்தபோது அந்தோணியம்மாள் அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். வீட்டு வாசலில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "அன்னைக்கு என் வயித்துல கெடந்தவ இப்ப காலேஜ் போறா" என்றாள். "உன்னால நான் ஜெயிலுக்கு வெளிய வச்சிப் பெத்தேன். ஒரு வார்த்தை உன்கிட்ட சொல்லியிருக்கேனா? பேசக் கூடாது, பேசக் கூடாதுன்னு இதையும் பேசவிடாமப் பண்ணிட்டாளுவ."

"போளா, அழுவாத. அண்டா உன்னுதுதான், ஒத்துக்கிடுதேன்" என்றாள் பிரகாசி. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

விசா வந்தது. ஒரே ஒரு முறை நுழைய அனுமதி. உள்ளே விடுவதா என்ற கடைசி முடிவு அங்கே இறங்கிய பிறகுதான் என்று அண்ணாச்சி எச்சரித்து அனுப்பினார்.

சிங்கப்பூரில் பெவின் சோதனையைத் தாண்டிப் போய்விட்டான். அவளை ஓரமாக ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"என்ன வழக்கும்மா?"

அவள் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். அவள் எழுதிக் கொடுத்ததும் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது புரிந்ததும் பிரகாசிக்கு உடம்பு லேசானது. ஒன்றாகத்தானே இருக்கும்.

"யாரோட வந்திருக்கீங்க?"

"அந்தா நிக்கான் பாருங்க, நகத்தைக் கடிச்சிக்கிட்டு. அவன்தான்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். பாஸ்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "போங்கம்மா. நல்லா சுத்திப் பாருங்க."

பெவின் ஓடிவந்து அவள் பையை வாங்கினான். "என்னம்மா கேட்டாங்க? என்ன சொன்ன?"

"எல்லாத்தையும் சொன்னேன். அது கெடக்கட்டும்லே, இங்கன சோறு எங்க கிடைக்கும்? பசி கொல்லுது."