பின்வரிசைக்குக் கேட்கவில்லை

வடமதுரைக்கு மேற்கே இருக்கும் நூல் மில்லில் கௌசல்யா வேலை பார்த்தாள். புருஷன் இறந்த பிறகு, கல்லூரிக்குப் போகும் மகளோடு அண்ணன் மோகன்குமார் வீட்டில்தான் இருந்தாள். அண்ணனுக்கு மில்லை ஒட்டி மல்லிகைத் தோட்டம். மில்லில் சாயப் பிரிவு தொடங்கியதிலிருந்து தோட்டத்துக் கிணறு நுரைத்தது. செடிகள் நுனியிலிருந்து கருகின. ஊர்க்காரர்கள் மறியல் செய்ய, நிர்வாகம் கலந்துரையாடல் கூட்டம் என்று அறிவித்தது.

மனிதவள அதிகாரி இனிகோ அவளை அறைக்கு அழைத்தார்.

"ஊர் சார்பா இல்லம்மா, தொழிலாளி சார்பா நீங்க பேசணும். பஸ் விடுறோம், சாப்பாடு போடுறோம், அதச் சொல்லுங்க. தண்ணி விஷயத்த நாங்க பாத்துக்கிறோம்."

மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மோகன்குமார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அந்த மேடைல ஏறுனா எம் மொகத்துல முழிக்காத."

அன்று அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிகிற நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர்கள் சொன்னதைச் சொல்லித் தொடங்குவது. மைக் கையில் இருக்கும்போதே கிணற்றுக்கு வந்துவிடுவது. இதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

கூட்டம் மில் கேன்டீனில் நடந்தது. முன்வரிசைகளில் அதிகாரிகளும் சீருடைத் தொழிலாளர்களும். ஊர்க்காரர்களுக்குக் கடைசியில் இடம். கௌசல்யா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மில்லுதான் எனக்குச் சோறு போடுது. பஸ் விடுறாங்க..."

"கம்பெனிக்காரி! எறங்கு!" பின்னாலிருந்து கூச்சல் கிளம்பியது. முதல் ஆளாக எழுந்து நின்றவன் அவள் அண்ணன்.

"அண்ணே, செத்த நேரம் பொறு! தண்ணியப் பத்தித்தான் சொல்ல வாரேன். நம்ம கெணறு நாசமாப் போனது இந்தச் சாயத் தண்ணியாலதான்..."

'தண்ணி' என்ற சொல் வந்ததுமே இனிகோ மைக்செட்காரரைப் பார்த்தார். மைக் அணைந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். முன்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கூச்சலில் பின்வரிசைக்கு அவள் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. ஊர்க்காரர்கள் மொத்தமாக எழுந்து வெளியேறினார்கள். கூட்டம் சுமுகமாக முடிந்ததாக இனிகோ நன்றி சொன்னார். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

வீட்டில் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். மோகன்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சோறு போடுதுன்னு நீ சொன்னத இந்தக் காதால கேட்டேன். வேற எதும் கேக்கல."

மறுநாள் மில் கேட்டில் காவலாளி வழிமறித்தார். கொஞ்ச நேரத்தில் இனிகோ வெளியே வந்தார்.

"அப்படிப் பேசியிருக்க வேணாம்மா. மேல ரொம்பக் கோவமா இருக்காங்க. நாங்களே கூப்பிடுறோம், போங்க."

"எம் மக படிக்கிறா சார். இந்த வேலைய விட்டா எனக்கு நாதியில்ல. மன்னிப்புக் கேக்குறேன் சார்."

அவர் தரையைப் பார்த்தபடி உள்ளே போனார். கேட் மூடியது.

எங்கே போவதென்று தெரியாமல் தோட்டத்துக்கு நடந்தாள். மோகன்குமார் கருகிய மல்லிகைச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தான். அவளைச் சீருடையில் பார்த்ததும் கை நின்றது.

"வேலைக்குப் போகல?"

"உள்ள விடல."

"ஏன்?"

"தண்ணியப் பத்திச் சொன்னேன்ல."

அவன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப அவங்க அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு அண்ணே."

அவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. கௌசல்யா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, அவன் விட்ட இடத்திலிருந்து செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.