மூன்றாவது லைனின் வளைவு

அறையின் நீளம் பத்தடி, அகலம் ஏழே முக்கால். ஆரோக்கியசெல்வி மூன்று தடவை அளந்துவிட்டாள். மூன்று தடவையும் சுவர் ஓர் அங்குலம்கூட நகர்ந்து கொடுக்கவில்லை. ஒரு காலத்தில் சிக்னல் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த அறை அது. விழுப்புரத்தில் இப்போது அதற்கு வேலை இல்லாததால், லைன் மாற்றி வேகன் கோக்கப் புதிதாகச் சேரும் பாயிண்ட்ஸ்மேன்களுக்குப் பாடம் எடுக்க அங்கே ஒரு மாதிரி யார்டு செய்து வைக்கலாம் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. பலகை மேல் தண்டவாளம், கையால் தள்ளினால் ஓடும் மர வேகன், ஆணியைத் திருப்பினால் லைன் மாற்றிவிடும் பாயிண்ட். இதற்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை செல்வியின் தலையில் விழுந்தது. பயிற்சிக் காலத்தில் அவள் கரும்பலகையில் யார்டு வரைந்ததை டிராஃபிக் இன்ஸ்பெக்டர் நெடுஞ்செழியன் பார்த்துவிட்டதுதான் வினை.

கதவு உள்பக்கம் திறக்கிறது. அதுவே இரண்டரை அடியைத் தின்றுவிட்டது. மேசையின் அகலமும் இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடைசி லைனில் கவிழ்ந்த வேகனை எடுக்கக் கை எட்டாது. மிச்ச இடத்தில் ஆறு பேர் நிற்கவேண்டும். ஐந்து லைன் உள்ள யார்டை மூன்றாக வெட்டியாயிற்று. இருபது வேகன் நிற்கும் லைனில் எட்டு போதும் என்று முடிவானது. நிஜத்தில் ஏழடி என்றால் இங்கே ஓர் அங்குலம். கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டூட்டி முடிந்து திண்டிவனம் போகும் பாசஞ்சரில் உட்கார இடம் இருந்தும் வாசலுக்கும் கழிவறைக்கும் நடுவே நடந்துகொண்டே போனாள். வீட்டில் சமையல் மேடையில் சாக்பீஸால் கோடு போட்டாள். பத்தாவது படிக்கும் மகள் சகாய பிரியா, "தோசக்கல்ல சுத்தி டிராக்கு போட்டுட்டீங்க, ஸ்டேஷன் எங்கம்மா?" என்று சிரித்தாள். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

வரவில்லை என்றால் காரணம் இருந்தது. மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த யார்டு செங்காட்டூர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், உரக் கிடங்குக்கென்று போட்ட சின்ன யார்டு. மூன்று வருஷத்துக்கு முன் அங்கே மூன்றாவது லைனில்தான் அவள் புருஷன் இன்னாசிராஜ் இரண்டு வேகன்களுக்கு நடுவே நசுங்கிச் செத்தான். அவனும் பாயிண்ட்ஸ்மேன். வேகன்களுக்கு நடுவே போகுமுன் டிரைவருக்குச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தச் சொல்ல வேண்டியவன். அவன் செத்த வேலைதான் இப்போது அவள் பார்க்கும் வேலை.

"சின்ன யார்டு, பாடம் எடுக்கத் தோதா இருக்கும்னு..." என்று வரைபடத்தைக் கொடுக்கும்போது நெடுஞ்செழியன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு கேஸ வச்சு சொன்னா பசங்க மனசுல நிக்கும்மா. நான் பேரு எதுவும் சொல்ல மாட்டேன்."

பேர் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியாமல் போய்விடும்? விசாரணை அறிக்கையில் அந்த வரி அவளுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். 'சிவப்புக் கொடி காட்டாமல் வண்டிகளுக்கு நடுவே புகுந்தார்.' இன்ஜின் ஓட்டிய புகழேந்தி அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கொடி காட்டியிருந்தால் பார்த்திருப்பேன், பார்க்கவில்லை, ஆகவே காட்டவில்லை என்பது அவர் கணக்கு. கூட வாழ்ந்த பத்தொன்பது வருஷமும் வீட்டு வாசற்படி தாண்டுவதற்கே இரண்டு பக்கமும் பார்த்த மனுஷன் கொடி காட்டாமல் போனான் என்பதை அவள் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதைத் தவிர அவளிடம் வேறு ஒன்றும் இருந்ததில்லை. இப்போது அவளே பலகை கட்டி, தண்டவாளம் போட்டு, வருஷா வருஷம் வரும் பையன்களுக்கு, கவனமில்லாதவன் எப்படிச் சாவான் என்று காட்டித் தர வேண்டும்.

அந்த வாரம் ஒரு காலையில்தான் அவள் அதைப் பார்த்தாள். செங்காட்டூர் வரும்போதெல்லாம் கிழக்குப் பக்கம் திரும்பிக்கொள்வது மூன்று வருஷப் பழக்கம். அன்றைக்குத் திட்டத்துக்காகக் கிடங்கின் மேடை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கே பார்த்தாள். மூன்றாவது லைனில் ஒரு சரக்கு ரேக் நின்றிருந்தது. பாசஞ்சர் யார்டின் முனையைக் கடந்தபோது நான்கு வேகன்தான் தெரிந்தது. நான்குதானா என்று நினைத்தாள். வண்டி நகர நகர ஐந்தாவது வந்தது, ஆறாவது வந்தது, பதினெட்டு வரை வந்தது. லைன் நேராக இல்லை. மேடைக்கு வழிவிட்டு, வலப்பக்கம் ஒதுங்கி வளைந்து போகிறது.

பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து நேர்க்கோடுகள். எந்த யார்டின் வரைபடமும் அப்படித்தான். எது எதோடு சேர்கிறது என்று சொல்வதற்கு மட்டும்தான் அது. நிஜத்தில் லைன் எப்படிப் போகிறது என்று அது சொல்லாது. கீழே மூலையில் எறும்பு எழுத்தில் 'நாட் டு ஸ்கேல்', அளவுப்படி வரைந்ததல்ல, என்று போட்டிருக்கும். விசாரணை இந்தக் காகிதத்தை மேசையில் விரித்து வைத்துத்தான் நடந்தது. நேர்க்கோட்டில் நிற்கிறவன் கொடி காட்டினால் டிரைவருக்குத் தெரியாமல் இருக்குமா என்றுதான் எல்லாரும் கேட்டிருப்பார்கள். வருஷக்கணக்கில் நேர்க்கோட்டைப் பார்த்துப் பழகிய கண்கள். அவளும் முந்தின நாள் வரை அதே கோட்டைத்தானே அங்குலம் அங்குலமாகப் பலகைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்? தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் ஓய்வு நாள். செங்காட்டூரில் தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் இருக்கும் முனியம்மாளைப் பிடித்தாள். வளைவை அளக்க அவர்களிடம் ஒரு வழி உண்டு. இருபது மீட்டர் நூலை தண்டவாளத்தின் உள்முகத்தில் இரண்டு முனையும் ஒட்டினாற்போல இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார்கள். நேர் லைனில் இடைவெளி இருக்காது.

"இன்னாடி செல்வி, லீவு நாள்ல வந்து தண்டவாளத்துக்கு ஜாக்கெட் தெக்க அளவு எடுக்கற?" என்றாள் முனியம்மாள். ஆனால் நூலைக் கொடுத்த கையோடு, எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்காமலே மூன்றாவது லைனுக்குப் போய்க் குந்தினாள். நடுவில் செல்வி கையை விரித்து வைத்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

"இது நாங்க எப்பவும் எழுதறதுதான். எங்க ரிஜிஸ்டர்ல இருக்குது," என்றாள் முனியம்மாள். "எங்கள யார் கேட்டாங்க?"

செல்வி நூலைச் சுற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் அழுதாள். அவன் செத்த அன்றுகூட இப்படிச் சத்தம் போட்டு அழவில்லை. முனியம்மாள் அவளுக்கும் வெயிலுக்கும் நடுவே, அழுது முடியும் வரை நின்றாள்.

நெடுஞ்செழியன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் அவரோடு சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். புதிய திட்டத்தையும் பலகையில் வளைத்துப் போட்ட மூன்றாவது லைனையும் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டயகிராம்ல நேரா இருக்குது. நீ வளைச்சு வச்சிக்கினு வந்தா நான் இன்னா பதில் சொல்றது?"

"கீழ மூலையில போட்டிருக்குது சார். நாட் டு ஸ்கேல்னு."

"அது எல்லா டயகிராம்லயும் இருக்கிறதும்மா."

"நம்ம பலகை ஸ்கேலுக்குத்தான சார் பண்றோம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "முடிஞ்ச கேஸு. உனக்கு வேலை வந்துடுச்சு, பொண்ணு படிச்சிக்கினு இருக்குது. எதுக்கும்மா பேஜாரு?" பிறகு குரலைத் தணித்தார். "வெள்ளிக்கிழம ஆபீசர்ங்க வர்றாங்க. அதுக்குள்ள டிரைவர் ஒருத்தர் குனிஞ்சு பாத்து, ஆமா நெஜத்துல இப்டிதான்னு சொன்னா வச்சிக்க. இல்லன்னா நேராக்கிடு. ஒரு நாள் வேலைதான்."

டிரைவர் ஒருத்தர் என்றுதான் சொன்னார். விழுப்புரத்தில் டிரைவர்களுக்கா பஞ்சம்? ஆனால் மற்ற யார் சொன்னாலும் அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டவர் புகழேந்தி ஒருவர்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரும் அவளும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவள் வடக்குப் படியில் ஏறினால் அவர் தெற்குப் படியில் இறங்கிவிடுவார். அதற்கு முன் எத்தனை கிறிஸ்மஸுக்கு அவள் கையால் பிரியாணி சாப்பிட்டவர்!

வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய ஓய்வறை வாசலில் போய் நின்று, "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் வாங்க," என்றாள். இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தைகளில் வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. புகழேந்தி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

அறை வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. நெடுஞ்செழியன் உள்ளே ஒரு நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பலகையில் மூன்று லைன், இரண்டு பாயிண்ட், செங்கல் நிறத்தில் எட்டு வேகன், முனையில் ஒரு இன்ஜின். நின்றபடி பார்த்தால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. புகழேந்திக்கும் தெரிந்தது. எந்த யார்டு என்று அவர் கேட்கவில்லை.

"இன்ஜின் ஜன்னல் உயரத்துக்குக் குனிஞ்சு பாக்கணும் அண்ணே. ஒரு கண்ண மூடிக்குங்க."

அவருக்கு முட்டிவலி. மேசை விளிம்பைப் பிடித்து மெதுவாக மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி வைத்தார். செல்வி மறுமுனைக்குப் போனாள். ஆறாவது வேகனுக்கும் ஏழாவது வேகனுக்கும் நடுவே, லைனுக்கு வெளியே, தலையில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு தீக்குச்சியைக் கொடியாக நட்டாள். அது முதல் தடவை சாய்ந்தது. மறுபடி நட்டாள். சற்றுக் கூடுதலாகவே வெளியே தள்ளி நட்டாள், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது என்று.

புகழேந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். மூடிய கண்ணைத் திறந்து, மற்றதை மூடிப் பார்த்தார்.

"ரெடி, செல்வி," என்றார். "கொடிய வை."

அவள் வாயைத் திறந்தாள். நெடுஞ்செழியனின் பேனா நின்றது.

"வைம்மா, பாக்கறேன்."

"வச்சிட்டேண்ணே," என்றாள்.

வெளியே எந்த வண்டியோ வருவதாக ஒலிபெருக்கி மூன்று பாஷையில் சொல்லி முடித்தது. புகழேந்தி எழுந்திருக்கவில்லை. தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு அசையவில்லை. அவருடைய வலது கை மட்டும் பலகை மேல் வந்தது. முதல் வேகனைத் தொட்டது. அதன் பக்கவாட்டிலேயே விரல்கள் தடவிக்கொண்டு நகர்ந்தன. இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்கு மேல் அவர் கண்ணுக்கு எட்டாத இடம். விரல்கள் அங்கே சற்று நின்றன. பிறகு வளைவோடு திரும்பி, ஐந்தைக் கடந்து, ஆறைக் கடந்து, அந்தக் குச்சியைத் தேடிக்கொண்டு போயின.